முள் நிற்காத பயில்வான்

கணக்கு டீச்சர் தன் நாயை, சிவாவா என்ற குட்டி ஜாதி நாயை, அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். நாய் கைப்பைக்குள் வந்தது. நோட்டுக்குத் தனிப் பை. அட்டையில் 'சிவாவா வந்தால் எதிர்பார்க்க வேண்டியவை' என்று சிவப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள். அவளுக்கு மாற்றலாகிக் கிடைத்த புது வீட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தராசு பழுதுபார்ப்பவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. முப்பது வருடமாகத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதால் தெருவில் அவருக்கு முள்ளுக்காரர் என்றே பெயர். முள் ஆடாமல் நின்றால்தான் எடையைச் சொல்வார். சொன்னால் உரக்கச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத எடை அவரைப் பொறுத்தவரை எடையே இல்லை. கையில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு இருக்கும்" என்று சொல்கிறவர்களை அவர் வாசலோடு அனுப்பிவிடுவார்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மனைவி நோட்டைச் சத்தமாக வாசித்தாள். அவள் ஒரு தையல் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பவள். நாய் அதற்குள் அவள் மடியில் கிடந்த சட்டைக் குவியலுக்குள் புகுந்துவிட்டிருந்தது.

"'நடுங்கும். குளிரிலும் நடுங்கும், வெயிலிலும் நடுங்கும், சந்தோஷம் வந்தாலும் நடுங்கும்.' சரி. 'தன்னை யானை என்று நினைத்துக்கொள்ளும். திருத்த வேண்டாம்.' 'போர்வைக்குள் ஒளியும். உட்காரும் முன் தடவிப் பார்க்கவும்.' 'வீட்டில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும். மற்றவர்கள் மனம் தளர வேண்டாம்.'"

"யாரை எடுத்திருக்குன்னு பாரு," என்று முள்ளுக்காரர் விரலை நீட்டினார். நாய் சட்டைக் கழுத்து வழியாகத் தலையை நீட்டி அந்த விரலைக் கடித்தது.

"உங்களை இல்ல," என்றாள் மனைவி. சிரித்துவிட்டாள். மகள் வேலைக்கு வேற்றூர் போன பிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முள்ளுக்காரர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில்தான் வினை. 'எடை: ஒன்பது கிலோ. ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பேன். குறைந்திருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எங்கள் தலைமையாசிரியை இதைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.'

"ஒன்பதா?" என்றார் முள்ளுக்காரர். மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்.

"அவ கணக்கு டீச்சருங்க. கணக்குல தப்பு பண்ணவே மாட்டா."

அது உண்மைதான். சின்ன வயதிலிருந்தே அவள் போட்ட கணக்கு தப்பியதில்லை. ஆகவே ஒன்பது கிலோ நாய் வழியில் எங்கேயோ பாதி உடம்பைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது என்றுதான் இருவரும் முடிவுக்கு வந்தார்கள். பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போல.

மறுநாள் முதல் அதற்கு வேளைக்கு வேளை தீனி. நோட்டில் ஒன்பது கிலோவுக்குக் கணக்கிட்ட அளவு அப்படியே இருந்தது. நாய் அதில் கால்வாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தைத் தலையணை உறைக்குள் பத்திரப்படுத்தியது. மனைவி அதற்குப் பயில்வான் என்று பெயர் வைத்தாள். பெயரைக் கேட்டாவது உடம்பு தேறட்டும் என்று நினைத்தாள்.

முள்ளுக்காரர் எடை போடப் பார்த்தார். எங்கே போடுவது? பயில்வான் தட்டில் ஏறினால் போதும், முள் ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே பைத்தியம் பிடித்தது போல ஆடும். கடைத் தராசு, தொங்கு தராசு, பழைய தபால் தராசு, எல்லாம் பார்த்தாயிற்று. தூங்கும்போது மெல்லத் தூக்கி வைத்தார். அது கனவில் யாரையோ துரத்திக்கொண்டு ஓடியது. முள்ளும் கூடவே ஓடியது. தானே நாயோடு ஏறி நின்றார். அது காதைக் கடித்ததில் அவரும் நடுங்கினார். நாய் டாக்டரின் மின்தராசு எண்களை மாற்றி மாற்றிக் காட்டிவிட்டு அணைந்தே போனது. "இனிமே இதைக் கூட்டிட்டு வராதீங்க. நல்லாத்தான் இருக்கு," என்று டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பயில்வான் நடுங்காத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. அது மனைவியின் கை. அவள் தூக்கினால் கல் மாதிரி அசையாமல் இருக்கும். ஆனால் அவளைத் தராசில் ஏறச் சொல்ல முள்ளுக்காரருக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமான மறுநாளே ஒருமுறை விளையாட்டாகக் கூப்பிட்டு, நான்கு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவர் அவர். இருபத்தாறு வருடமாக அவள் பட்டறையில் சுவர் ஓரமாகத்தான் நடப்பாள்.

சொன்னபடி, மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வந்தாள். காலிக் கைப்பையோடு வந்தாள். அதைப் பார்த்ததுமே அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"என்ன அத்தான், எவ்வளவு இருக்கு?"

"முள் நிக்கலம்மா."

"ஒரு மாசமாவா நிக்கல? தோராயமா சொல்லுங்க."

"தோராயமா நான் யாருக்கும் சொன்னதில்ல."

"பார்த்தாலே தெரியுது, இளைச்சுப் போச்சு," என்று டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். "அக்கா, கொடு."

அக்கா கொடுக்கவில்லை. நாயை மார்போடு அணைத்தபடி பட்டறையின் நடுவே போய், மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் முன்னால் நின்றாள்.

"என்னங்க, இதுல ஏறுறேன்."

முள்ளுக்காரர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"இது என் கையிலதான் ஆடாம இருக்கும். ஆனா என் எடையை நீங்க சொல்லக் கூடாது. பார்க்கவும் கூடாது."

"பார்க்காம எப்படிக்கா கழிக்கிறது?" என்றாள் டீச்சர்.

முள்ளுக்காரர் யோசித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தராசின் முகத்தில் போட்டார். உச்சியில், பூஜ்யம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சந்து விட்டார்.

"நாயைத் தங்கச்சிகிட்ட கொடுத்துட்டு நீ மட்டும் ஏறு. நீ நிக்கும்போதே முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டாந்துடறேன். அப்புறம் தராசுக்கு நீ ஒண்ணுமே இல்ல. நாய்தான் எடை."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். அவர் பின்பக்கம் போய், முள்ளை நகர்த்தும் திருகைச் சுற்றத் தொடங்கினார். அதிலும் ஒரு சங்கடம். ஒரு சுற்றுக்கு எத்தனை கிலோ என்று அவருக்கு மனப்பாடம். சுற்றை எண்ணாமல் இருப்பதற்காக உரக்கப் பாடத் தொடங்கினார். பாட்டு எதுவும் முழுசாகத் தெரியாததால் தெருவிலுள்ள கடைகளின் பெயர்களை ராகம் போட்டு இழுத்தார். மூன்றாவது கடை வருவதற்குள் டீச்சரின் கையில் பயில்வான் இரண்டு கடி கடித்துவிட்டது. ஏழாவது கடையில் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

"கொடு," என்றார்.

நாய் அக்காவின் கைக்கு மாறியது. நடுக்கம் நின்றது. முள் துண்டுக்குள் நகர்ந்தது. முள்ளுக்காரர் துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினார். முள் ஆணி அடித்தது போல் நின்றது.

அதைச் சொல்ல அவருக்கு மனமில்லை. ஆனாலும் உரக்கவே சொன்னார்.

"ஒண்ணே முக்கால் கிலோ."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "ஏழேகால் குறைஞ்சிருச்சா?"

"பேசினபடி நடந்துக்கணும்," என்றாள் டீச்சர். அவள் குரலும் அவ்வளவு நன்றாக இல்லை.

முள்ளுக்காரர் துண்டை நேராக்கியபடி கேட்டார். "அங்க எப்படிம்மா நிறுத்தே? உன் கையில ஆடியிருக்குமே."

"ஆடிச்சு. முள் எதுவரைக்கும் போகுது, எதுவரைக்கும் வருதுன்னு நாலைஞ்சு நிமிஷம் பார்த்து நடுவுல இருக்கிறதை எடுத்துக்கிட்டேன். நாயோட அம்பத்தெட்டு. என் எடை நாப்பத்தொன்பது. போனா ஒன்பது. இதுல என்ன இருக்கு?"

"நாப்பத்தொன்பது எப்ப பார்த்தே?"

"என் எடை எனக்குத் தெரியாதா அத்தான்? காலேஜ்ல சேரும்போது டாக்டர் எழுதிக் கொடுத்தாரே."

டீச்சரின் உதடு அசைந்தது. ஐம்பத்தெட்டிலிருந்து ஒன்றே முக்காலைக் கழிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் போட்ட கணக்கு இந்த முறையும் தப்பவில்லை. விடை வந்ததும் முகம் சிவந்துபோனது.

"வேணும்னா நீயும் ஏறிப் பாரு," என்றார் முள்ளுக்காரர், தணிந்த குரலில்.

"சத்தமா சொல்வீங்களா?"

"தொழில் அதுதானேம்மா."

டீச்சர் கைப்பையின் ஜிப்பை மூடினாள். நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஒன்பதை அடித்துவிட்டு ஒன்றே முக்கால் என்று எழுதினாள். தீனி அளவையும் ஒவ்வொன்றாக ஐந்தில் ஒரு பங்காக்கினாள். "பாவம், அதான் என் வீட்டுலயும் தலையணைக்குள்ள போட்டு வச்சிருக்கு," என்று முணுமுணுத்தாள். "தலைமையாசிரியைகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன். அக்கா, டீ கிடைக்குமா?"

"போடறேன். என்னங்க, நான் இறங்கலாமா?"

முள்ளுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். இவள் இறங்கினால் முள் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னால் போகும். எவ்வளவு பின்னால் போகிறதோ, அதுவே இவள் எடை. துண்டு வேறு மெல்லியது.

"கொஞ்சம் இரு," என்று திரும்பிக்கொண்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு தராசுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றார். "இப்ப இறங்கு."

"நீயும் திரும்புடி," என்றாள் அக்கா.

"நான் எதுக்கு?"

"உனக்குத்தான் கழிக்கத் தெரியுமே."