ஆணியில் தொங்கிய திறப்பு

சுபைறாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் பாதி வயதை ஊர் வாசிகசாலையில் கழித்தவள். இன்னும் அதன் பொறுப்பாளர் அவள்தான். துப்பறியும் நாவலில் கொலை விழுந்து இருபது பக்கம் தாண்டுவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவாள். பிடித்ததோடு நிற்காமல், அதே புத்தகத்தைப் பாதியில் வைத்திருப்பவர்களிடம் போய்ச் சொல்லியும் விடுவாள். அதற்காக அவளோடு முகம் முறித்தவர்கள் ஊரில் நாலைந்து பேர் உண்டு. பள்ளிவாசல் ஒலிபெருக்கி வயரை அறுத்தது ஆளல்ல, எலி என்று கண்டுபிடித்தவள் அவள். பக்கத்து வீட்டு லைலாவின் சேவல் யாருடைய கறிச்சட்டியில் போய் முடிந்தது என்று சொன்னவளும் அவள்தான். "சுபைறா மிஸ்ஸுக்கிட்டக் கேளுங்க" என்று நாலு பேர் சொன்னால், எனக்குத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

அந்தப் பெயர் அவளுக்கு முதன்முதலில் வந்தது ஒரு லெப்டொப் காணாமல்போனதில். பதினொரு வருடத்துக்கு முந்திய கதை அது. வெளிநாட்டிலிருந்த ஊர்க்காரர்கள் வாசிகசாலைக்கு ஒரு லெப்டொப் அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் காலையில் மேசை வெறுமையாகக் கிடந்தது. பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. பூட்டைத் திறக்கத் திறப்பு இரண்டே இரண்டு. ஒன்று காலையில் வந்து கதவு திறந்து கூட்டித் துடைக்கிற செபரட்ணத்திடம், மற்றது சுபைறாவிடம். வாசிகசாலை மண்டபத்தில் ஊர் கூடி விசாரித்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"என்ட திறப்பு என்ட வீட்ட விட்டு வெளிய போகல்ல. ஆணியில தொங்கின மாதிரியே தொங்கிச்சி. மத்தத நீங்களே யோசிங்க."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. செபரட்ணம் தன்னிடமிருந்த திறப்பை மேசையில் வைத்தார், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், அதோடு அந்தப் பக்கம் வரவே இல்லை. பொலிசுக்குப் போகாமல் விட்டதே பெரிய மனசு என்று ஊர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டது. சுபைறாவை எல்லோரும் மெச்சினார்கள்.

இப்போது அவளுடைய தங்கை அஸ்பியாவின் கணவர் முனாப் ஹஜ்ஜுக்குப் போகிறார். திங்கட்கிழமை பயணம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், "ஏதும் பிழை நடந்திருந்தா மன்னிச்சிப் பொருந்திக்கங்க" என்று கேட்டு வருவது வழக்கம். இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் பார்த்துக்கொள்வான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு. முனாப்பும் இரண்டு கிழமையாக மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார். சுபைறாவிடம் வந்தபோது, போன வருடம் அவளுடைய முருங்கைக் கிளையைக் கேட்காமல் வெட்டியதற்குக்கூட மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள்.

வியாழக்கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவளின் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். செபரட்ணத்தின் மனைவி றஞ்சிதமலர். பதினொரு வருடமாக எதிரே வந்தால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறவள்.

"மிஸ், ஒண்டு கேக்கோணும். உங்கட தங்கச்சிட புரிசன் மூணு நாளா எங்கட கேற்றடியில வந்து நிக்கார். கூப்பிட்டா ஒண்டுமில்ல எண்டு மோட்டச்சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போறார். இன்னும் என்ன காணாமப் போயிட்டு?"

"ஒண்டும் காணாமப் போகல்ல, றஞ்சிதமக்கா."

"காணாமப் போனா எங்களுக்கிட்ட வராதீங்க. எங்கட அவர் இப்ப எந்தத் திறப்பும் வெச்சிரிக்கிறல்ல. சேர்ச் திறப்பையும் அந்த வருசமே போதகர்ட கையில குடுத்திட்டார். ஞாயிறு விடியக் கதவு திறக்கிறது, மணி அடிக்கிறது, எல்லாம் இருவத்தஞ்சு வருசமா அவர் செஞ்ச வேல. போதகர் வேணாம் எண்டுதான் சொன்னார். இவர் கேக்கல்ல. அங்க ஒரு மெழுகுதிரி குறைஞ்சாலும் என்னத்தான் பாப்பாங்க எண்டார்."

றஞ்சிதமலர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சுபைறா தாங்கிக்கொண்டிருப்பாள். அவள் விலை விசாரிப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சேர்ச் திறப்பின் கதை சுபைறாவுக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுடைய மூளை வழக்கம்போல வேலைசெய்தது. அதை நிறுத்தும் வித்தை அவளுக்குத் தெரியாது. முனாப்புக்கும் செபரட்ணத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை, வயல் வரம்பு இல்லை, வாய்த் தகராறும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிற ஒருவர், தான் ஒரு தீங்கும் செய்யாத மனிதரின் வாசலில் ஏன் மூன்று நாள் நிற்கவேண்டும்? நின்றும் ஏன் உள்ளே போகாமல் திரும்பவேண்டும்?

குசினிக்குள் போய் அடுப்படியில் மீனை வைத்தாள். கதவோரத்து ஆணியில் வாசிகசாலைத் திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பின்வாசலால் முனாப் வந்தார். "மதினி, பிழியத் தேசிக்காய் இரிக்கா?" என்று கேட்டுக்கொண்டே கூடையிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போனார். அவரை அவள் பார்க்கவும் இல்லை. முப்பது வருடமாக இப்படித்தான். உம்மாவின் வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவில் வேலி கிடையாது. தங்கைக்குக் கணவராக வந்தவர் இரண்டு வீட்டுக்கும் ஆள். அவர் உள்ளே வருவதை யாரும் வருகை என்று கணக்கெடுப்பதில்லை.

திறப்பு என் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று அன்று அவள் நம்பித்தான் சொன்னாள். தன் வீடு எங்கே முடிகிறது என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

அப்படியே குந்தியவளுக்கு அந்தக் கிழமை நினைவுக்கு வந்தது. முனாப்பின் மகன் றுமைஸ் கட்டாரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை அது. அஸ்பியா சோறு தின்னாமல் அழுதாள். அப்போது இந்த வளவில் முகம் பார்த்துக் கதைக்கிற போன் ஒருவரிடமும் இல்லை. லெப்டொப் காணாமல்போன அதே காலையில் முனாப் வந்து சொன்னது அவள் காதில் அப்படியே கேட்டது: "புள்ள கண் முழிச்சிட்டான் அஸ்பியா. இடப்பக்கப் புருவத்துல ஏழு தையல். நான் எண்ணின."

எண்ணினாராம். போனில் எப்படி எண்ணுவது? இதைக் கதைப் புத்தகத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவள் அந்த வரியிலேயே பிடித்திருப்பாள். சொன்னது வீட்டு ஆள், அழுதுகொண்டு சொன்னார், அவளும் சேர்ந்து அழுதாள். சுபைறாவுக்குத் தன்மீது வந்த வெட்கத்தில் காது சுட்டது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்த முனாப்பை வேம்படியில் மறித்தாள். "மச்சான், செபரட்ணம் அண்ணன்ட கேற்றடியில என்ன வேல?"

முனாப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"லெப்டொப்ப வெளிய கொண்டுபோகக் கூடாது எண்டு வாசிகசாலைக் கொமிட்டியில சட்டம் போட்டதே நான்தான், மதினி. மறுகா எந்த முகத்தோட கேக்கிற? பொழுதுபட்டு, மஹ்ரிபு தொழுகைக்குப் பொறகு ஒங்கட ஆணியில இரிந்து திறப்ப எடுத்த. இன்டர்நெட் இரிக்கிற ஸஹீத் நானாட கடையில லெப்டொப்ப வெச்சி புள்ளையப் பாத்த. பாத்திட்டுத் திருப்பி வெக்கத்தான் வந்த. வழியில வாய்க்கால் பாலத்துல சைக்கிள் சறுக்கி லெப்டொப் தண்ணிக்குள்ள விழுந்திட்டு. திறப்ப மட்டும் ஆணியில திருப்பி வெச்சிட்டு, விடிஞ்சா சொல்லுவம் எண்டு நினைச்ச. விடிய நீங்க எழும்பிச் சொல்லிட்டீங்க. எல்லாரும் நம்பிட்டாங்க. எனக்கு வாய் வரல்ல."

"பதினொரு வருசம், மச்சான்."

"ஓம்." அவர் அழத் தொடங்கினார். "நீங்க போய் அவருக்கிட்டச் சொல்லுங்க மதினி. ஒங்களுக்குக் கதைக்கத் தெரியும். நான் கேற்றத் தொட்டா மோட்டச்சைக்கிளத் திருப்பிடுறன்."

"அது ஏலா. எனக்கும் அங்க ஒரு வேல இரிக்கி. வாங்க, ரெண்டு பேரும் போவம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போனார்கள். செபரட்ணம் முற்றத்தில் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிவிட்டது, மெலிந்திருந்தார். முனாப் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை எண்ணெய்ப் போத்தலை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். றஞ்சிதமலர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மகன் இப்ப எப்பிடி?" என்று கேட்டார் செபரட்ணம்.

"நல்லம். ரெண்டு புள்ளைகள்."

"நீங்க பயந்திட்டீங்க, முனாப். புள்ள கிடக்கக்குள்ள தகப்பன் பயப்படுறதுதான். நான் மன்னிச்சிட்டன். போயிட்டு வாங்க."

முனாப் அவருடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார். சுபைறா ஒரு அடி முன்னால் வந்தாள். "செபரட்ணம் அண்ணன், நானும் பிழ செஞ்சிட்டன். என்னயும் மன்னிச்சிப் பொருந்திக்கங்க."

செபரட்ணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பயப்படல்லயே, மிஸ். பதினேழு வருசம் என்னோட ஒண்டா வேல செஞ்சீங்க. யோசிச்சி, யோசிச்சித்தான் நான் எண்டு முடிவெடுத்தீங்க."

றஞ்சிதமலர்தான் கதவடியிலிருந்து சொன்னாள்: "அண்டைக்குச் சொன்ன இடத்தில சொல்லுங்க."

ஞாயிறு பின்னேரம் வாசிகசாலை மண்டபம் நிறைந்திருந்தது. முனாப்பை வழியனுப்பும் கூட்டம் என்று நினைத்து வந்தவர்களே அதிகம். நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டிவைத்து ஒரு பெயரைச் சொல்வார். அந்த இடம் சுபைறாவுக்கு எப்போதும் பிடிக்கும். இன்று எழுந்து நின்றவள் முதலில் பின்வரிசையைப் பார்த்தாள். கதவோரம் கடைசி வாங்கில் செபரட்ணமும் றஞ்சிதமலரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்டைக்கு நான் எழும்பிச் சொன்ன கத பிழ," என்று தொடங்கினாள். "திறப்பு என்ட வீட்டுலதான் இரிந்த. என்ட வீட்டு ஆள் எடுத்த. எடுத்தவர் இப்ப சொல்லுவார். ஆனா செபரட்ணம் அண்ணன்ட பேரக் கெடுத்தது அவரில்ல, நான். ஒங்கள எல்லாம் நம்ப வெச்சதும் நான்."

முனாப்பும் எழுந்து சொன்னார். அன்று தலையாட்டியவர்கள் பலர் நிலத்தைப் பார்த்தார்கள். கூட்டம் கலையும்போது இரண்டு பேர் கடைசி வாங்குக்குப் போய்ச் செபரட்ணத்தின் கையைப் பிடித்தார்கள்; மற்றவர்கள் அவசர வேலை இருப்பதுபோல வெளியேறினார்கள்.

சுபைறா ஆணித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனாள். "அண்ணன்?"

செபரட்ணம் திறப்பைப் பார்த்தார். வாங்கவில்லை.

"முனாப்புக்கு நாளைக்குப் பயணம். அதால மன்னிச்சிட்டன் எண்டு உடன சொன்னன். உங்களுக்குப் பயணம் ஒண்டும் இல்லத்தானே, மிஸ். நான் கொஞ்சம் யோசிக்கோணும்."

றஞ்சிதமலர் பின்னால் ஏறிக்கொள்ள, அவர் சைக்கிளை மெதுவாக மிதித்துப் போனார். பக்கத்து வீட்டு லைலா ஓடிவந்து சுபைறாவின் கையைப் பிடித்தாள். "என்ன மிஸ், என்ன சொன்னார்? மன்னிச்சிடுவாரா?"

"தெரியா," என்றாள் சுபைறா, கதவைப் பூட்டிக்கொண்டே.