சிவப்புக் கதிரைகள்

பிள்ளைகள் உட்காரும் பன்னிரண்டு சின்னச் சிவப்புக் கதிரைகளையும் இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய், வெளியே மழையில் நின்ற இரும்புக் குப்பைத்தொட்டிக்குள் போட்டாள் பெர்னடெற். துப்புரவுப் பகுதிச் சூப்பர்வைசர் றமணன் சொன்ன வேலை. பல்கலைக்கழகத்தில் இன்றைக்கு விழா. பேராசிரியை லொறெய்ன் பிரிட்செட்டின் நாற்பது வருடக் கல்விப் பணிக்கு மரியாதை செய்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து, இங்கே உளவியல் பேராசிரியரான முதல் கறுப்பினப் பெண் அவர். பிள்ளைகளின் படிப்புத் திறனைச் சோதிக்க அவர் தொடங்கிய கிளினிக் அறையில் இனி விருந்தினர் வைன் குடிப்பார்களாம்.

இனிப் பிள்ளைகள் எதில் இருப்பது என்று கேட்டாள்.

"அந்தக் கிளினிக் மூடியாச்சு அக்கா," என்றான் றமணன்.

அடுத்த புதன்கிழமை அங்கேதான் பெர்னடெற்றின் மகள் தனுஷியாவுக்கு இரண்டாம் சோதனை. பெரியவர்கள் கேட்டவுடன் வாய் திறக்காமல் தலை குனிந்து நிற்க அவளைப் பழக்கியவள் பெர்னடெற்தான். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு விளங்கும் சக்தி குறைவு என்று எழுதிவிட்டார்கள். முதல் சோதனையில் பேராசிரியையோ பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் கேட்டார். பிள்ளை மளமளவென்று பதில் சொன்னாள். இரண்டாம் அறிக்கை இல்லையென்றால் செப்டெம்பரில் அவளுக்கு மந்தமான பிள்ளைகளின் தனி வகுப்புத்தான்.

மண்டபத்தில் துணைவேந்தர் பேசினார். பேராசிரியை எந்தப் பிள்ளையையும் கைவிடாதவர் என்றார். முன்வரிசையில் பேராசிரியை கைத்தடியோடு இருந்தார். மூன்று மாதம் நோயில் கிடந்தவருக்குக் கிளினிக்கின் கதையை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெர்னடெற் வெளியே போய் ஒரு கதிரையை இழுத்தெடுத்து வந்தாள். வாசலில் றமணன் மறித்தான்.

"விசர் வேலை பாக்காதேங்கோ. வேலை போயிடும்."

"போகட்டும். என்ர பிள்ளை போகேலாது."

அவனை விலக்கிக்கொண்டு போய், ஈரம் சொட்டச் சொட்ட அதைப் பேராசிரியையின் முன்னால் வைத்து, கிளினிக்கை மூடிவிட்டார்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அவர் நனைந்த பலகையைத் தடவினார். உண்மையா என்று துணைவேந்தரைக் கேட்டார். பிறகு பேசலாம் என்று சிரித்தபடி துணைவேந்தர் சுவரை மூடியிருந்த திரையின் கயிற்றை இழுத்தார்.

சுவர் நிறையப் படம். சிவப்புக் கதிரையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் குந்தியிருக்கும் பேராசிரியை. எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியை தட்டவில்லை.

கதிரையை யாரோ வெளியே கொண்டுபோனார்கள். றமணன் மொப்பை நீட்டினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"தண்ணியைத் துடைச்சுப்போட்டு பாட்ஜைத் தாங்கோ அக்கா. மேல இருந்து சொல்லிட்டினம்."

படத்தின் கீழே, நான்கு கால்கள் நின்ற ஈரத்தை அவள் துடைத்தாள்.