கேட்டுத் தொடும் கை

அந்த லேபில் ரத்தம் எடுப்பவருக்குப் பஞ்சுக்கை என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள். ஊசி இறங்கியதே தெரியாது, அவ்வளவு மெத்தென்ற கை. ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை எடுத்த பிறகும் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார்: "குத்தட்டுமா?" குத்திக்கொள்ளத்தானே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடமும் அதையே கேட்பார்.

அன்று அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தார். மனைவி எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் லாரி டிரைவர் ஒருவர், ஆள் மலை மாதிரி. கையில் பட்டை கட்டியாகிவிட்டது.

"குத்தட்டுமாண்ணே?"

"வேணாம் தம்பி... இன்னைக்கு வேணாம். பயமா இருக்கு."

பஞ்சுக்கை உடனே ஊசியை வைத்தார். பட்டையை அவிழ்த்தார். "சரிண்ணே. இதுல என்ன இருக்கு? தண்ணி குடிங்க. மனசு வர்றப்போ வாங்க." முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

வாசலில் நின்ற மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள். கட்டிய பட்டையை அவிழ்க்க இந்த மனிதருக்குத் தெரியுமா! வீட்டில், ராத்திரியில், அவள் எத்தனையோ தடவை வேண்டாம் என்றிருக்கிறாள். அழுதிருக்கிறாள், இரண்டு கையாலும் தள்ளியிருக்கிறாள். ஒன்றும் அவர் காதில் ஏறியதில்லை. நாத்தனாரிடம் சொல்லி அழுதபோது, "ஆம்பளங்களுக்கு அத நிறுத்தத் தெரியாதும்மா. நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள். அவளும் நம்பினாள். இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். தெரியாமல் இல்லை. அவளுக்காக நிறுத்தத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் பெண்தான். முழுவதும் கேட்டாள். கடைசியில் பேனாவை மூடினாள். "புருஷன் மேல பலாத்காரப் பிரிவுல கேஸ் போட முடியாதும்மா."

"ரோட்டுல போறவன் செஞ்சிருந்தா?"

"இன்னைக்கே உள்ள தூக்கி வெச்சிருப்பேன்."

"அப்போ எனக்கு நடந்தது என்ன மேடம்?"

சட்டத்திடமே இல்லாத பதிலை இன்ஸ்பெக்டர் எங்கே போய்த் தேடுவாள்? யார் செய்தாலும் குற்றம் என்று பெரிதாக ஆரம்பித்து, கணவன் செய்தால் மட்டும் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவைத்திருந்தார்கள் எழுதிய புண்ணியவான்கள். "குடும்ப வன்முறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு," என்றாள் மெதுவாக. "அதுல நேரா ஜெயில் கெடையாது. ஆனா உங்கிட்ட நெருங்கக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு போடும். அதையாவது வாங்குவோம்."

கோர்ட்டில் பஞ்சுக்கையின் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள், அதே நாத்தனார். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்ற கோபம் அவளுக்கு. எதிர் பெஞ்சில் மனைவி தனியாக. இன்று உத்தரவு கிடைக்காவிட்டால் சாயங்காலம் அவள் அதே அறைக்குத்தான் திரும்ப வேண்டும்.

"என் பொண்டாட்டி சார்," என்றார் பஞ்சுக்கை, நிஜமாகவே புரியாமல். "இதுல கேக்க என்ன இருக்கு?"

மனைவி எழுந்தாள். "ஐயா, லேப்ல ஒருத்தர் வேணாம்னு சொன்னா இவர் என்ன செய்வார்னு மட்டும் கேளுங்க."

நீதிபதி கேட்டார். தொழிலைப் பற்றிக் கேட்டதும் பஞ்சுக்கை நிமிர்ந்தார். "எடுக்க மாட்டேன் சார்."

"அவங்க ரத்தம் கொடுக்கன்னே வந்தவங்க. பணமும் கட்டியாச்சு. அப்பவுமா?"

"அப்பவும் எடுக்க மாட்டேன். அவங்க கையாச்சே சார்! அவங்க சரின்னு சொல்லாம நான் எப்படி..."

வாக்கியம் அங்கேயே நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்ட மனிதரின் முகம் அது. ஒரு கேள்வி. சத்தமில்லை, சாபமில்லை. சட்டப் புத்தகங்கள் சொல்லத் தயங்கியதை அந்த ஒல்லிப் பெண் ஒரே கேள்வியில் சபை நடுவே வைத்துவிட்டாள். என்ன பெண் இவள் என்று எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இதக் குத்தம்னு சொல்ல என் கையில சட்டம் இல்லம்மா. சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனா பாதுகாப்பு உத்தரவு என் கையில இருக்கு, தர்றேன். வீட்டுல நீங்க இருங்க. அவர் வேற இடம் பாக்கட்டும்."

பஞ்சுக்கை தலை நிமிரவில்லை. "அக்கா, சட்டமே தப்பில்லன்னுதானே சொல்லுது..." என்றார்.

"சட்டம் சொல்லலன்னா வலிக்காதாடா அவளுக்கு?" தம்பியின் வாயாலேயே அந்தப் பதிலைக் கேட்ட அக்கா எழுந்துவிட்டாள். "கல்யாணத்தன்னைக்கு அவ சொன்ன சரி, கல்யாணத்துக்குத்தான். அவ உடம்ப எழுதிக் கொடுத்துடல. பொண்டாட்டியா இருந்தாலும் வேணாம்னா வேணாம்தான். அத மீறுறது குத்தம்தான். சட்டம் அத என்னைக்கு எழுதுமோ, நமக்கு இன்னைக்கே தெரியணும். நானும்தான் அனுசரின்னு சொல்லித் தொலைச்சேன், பாவி."

எல்லோரும் பார்க்க எதிர் பெஞ்சுக்கு நடந்தாள். தம்பி மனைவியின் கையைப் பிடிக்கப் போனவள், பாதியில் நிறுத்தினாள்.

"புடிச்சுக்கட்டுமா?"

அவள் பாதியில் நின்ற அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, "ம், புடிச்சுக்கோங்க அண்ணி" என்றாள்.