சீக்கும் சுகவீனமும்

என் வீட்டு வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பொய்யர் உண்டு. மூன்றாவது வரி ஃபெரேட்டிக்காக எழுதியது. ஜூலை மாத மழையில், விளக்குப் போட்டால்தான் முகம் தெரிகிற காலை நேரத்தில், தன் இரண்டு வயது மகளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அழைத்து வந்தான் அந்த மகானுபாவன். கழற்றிப் பார்த்தால் இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக் கிடந்தன. ஸ்டைலுக்குப் போட்டிருக்கிறாள் என்று சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை. ஐந்தாவது வரி சியெனிக்கு. காய்ச்சல் மருந்தைப் புகட்டிவிட்டு, உடம்பு ஆறியிருக்கும்போதே பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவாள். பதினொரு மணிக்குப் பிள்ளை கொதிக்கும். நான் போன் போட்டால் எடுக்கமாட்டாள். இப்போதெல்லாம் நான் வாசலிலேயே பிள்ளைகளின் வாயை முகர்ந்து பார்க்கிறேன். அந்த மருந்தின் ஸ்ட்ராபெரி வாசனை வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

மாங்கெரேயில் வீட்டிலேயே நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கும், எங்களைப் போலவே சமோவாத் தீவுகளிலிருந்து இங்கே வந்து குடியேறிய, எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். மாதம் ஒருமுறை ப்ரோன்வின் என்ற மேற்பார்வை அம்மாள் வந்து போவாள். நோய் விதிகள் என்று அவள் கொடுத்த இங்கிலீஷ் தாள்கள் பதினான்கு பக்கம். ஒருவர்கூடப் படித்ததில்லை, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதனால்தான் எங்கள் பாஷையில், ஒரே பக்கத்தில், நானே எழுதி ஒட்டினேன். தலைப்பு: சீக்குப் பிள்ளை இங்கே வரக்கூடாது.

முதல் வரி தொண்டை வலி. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றுப்போக்கு சரி, சிரங்கு சரி, தொண்டை வலிக்கெல்லாமா பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். தொண்டை வலிதானே என்று முதலில் சொன்ன முட்டாள் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் ஐலினி விழுங்க முடியவில்லை என்றாள். சூடாகக் கோகோ கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் முழங்கால்கள் வீங்கின. பிறகு நெஞ்சு. தொண்டைக் கிருமி செய்த வேலை என்றார்கள். இப்போது அவள் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. இருபத்தெட்டு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, இருபத்தொரு வயது வரை. இன்னொரு முறை வந்தால் நெஞ்சைத் திறக்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குப் பதினோரு வயது. அந்த முதல் வரி வேறு யாருக்காகவும் இல்லை, அவளுக்காக.

எங்கள் பாஷையில் ஒரு சங்கதி உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு வருவது சீக்கு. பாஸ்டருக்கும் குலத்தலைவர்களுக்கும் வருவது சுகவீனம். நாங்கள் தின்போம், அவர்கள் அமுது கொள்வார்கள். நாங்கள் வருவோம், அவர்கள் எழுந்தருளுவார்கள். மூக்குக்கும் வயிற்றுக்கும்கூடத் தனித்தனி வார்த்தை. ஆனால் ஒன்று: பெரிய வார்த்தை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு, தனக்கு எடுத்துக்கொள்வதற்கு அல்ல. எவ்வளவு பெரிய தலைவரானாலும் தனக்கு வந்ததைச் சீக்கு என்றுதான் சொல்லவேண்டும். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாஸ்டரம்மா தன் கடைக்குட்டி யாகோபோவைக் கொண்டுவந்தார். அவர் பெயர் ஃபுவாதினோ, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளை. இன்னும் இரண்டு மாதத்தில் ஐந்து வயதாகிப் பள்ளிக்கூடம் போகவேண்டியவன். பையன் எச்சில் விழுங்கும்போது கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். பாஸ்டரம்மாவுக்கோ மாதர் சங்கக் கூட்டம், புது மண்டபத்துக்குக் கூரை போடுகிற விவகாரம். கர்த்தருடைய வேலை தலைக்கு மேல் இருக்கும்போது பெற்ற பிள்ளையின் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

நான் தாளைக் காட்டினேன். அவர் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, அவசரமே இல்லாமல் கடைசி வரி வரை படித்தார்.

"நல்லா எழுதியிருக்க லூபே. ஆனா இது எங்க வீட்டுக்கு இல்லியே. எங்க வீட்ல யாருக்கும் சீக்கு வராது. சுகவீனம்னு வேணா சொல்லு. சுகவீனத்தப் பத்தி இதுல ஒண்ணும் காணோமே."

தன் வீட்டைப் பற்றித் தானே பெரிய வார்த்தை. என் அம்மாவாக இருந்தால் அந்த இடத்திலேயே தொடையைத் திருகியிருப்பாள். நான் என்ன செய்தேன்? "ஆமா பாஸ்டரம்மா, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிப் பையனைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஃபெரேட்டியையும் சியெனியையும் வாசலில் வைத்து நாறடிக்கிற இந்த வாய், ஒரு மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் மடங்கிப்போனது. அவர்கள் மேல் எனக்கு இருந்த இளக்காரம் அன்று முழுக்க என் மேல் திரும்பியது.

மூன்று மணிக்கு ஐலினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் யாகோபோவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கடித்து வைத்த பனிகேகே, எண்ணெயில் பொரித்த இனிப்பு மாவுருண்டை, அவள் வாய்க்குப் பக்கத்தில். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"அம்மா, இவனுக்குத் தொண்ட வலியா?"

அவள் உருண்டையைத் தட்டில் வைத்தாள். பையனை மெதுவாக இறக்கிவிட்டாள். குளியலறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து, ஊசி அடுத்த திங்கட்கிழமைதானே, அப்படியானால் இது கடைசி வாரம்தானே என்று கேட்டாள். கடைசி வாரத்தில் மருந்தின் காவல் குறைந்துவிடும் என்று நர்ஸ் ஒரு தடவை சொன்னதை இவள் மறக்கவேயில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நர்சுக்குப் போன் போட்டு ஊசியை மறுநாளே போட ஏற்பாடு செய்தேன். பிறகு சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே கதவுத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தை ஒன்றையும் விடவில்லை. 'சுகவீனமுற்ற இளந்தளிர்கள் இவ்வேழை மனைக்கு எழுந்தருளி எங்களைச் சங்கடப்படுத்தாதிருக்கக் கெஞ்சுகிறோம். திருமூக்கு ஒழுகினால் தங்கள் மாளிகையிலேயே ஒழுகக்கடவது. திருவயிறு கலங்கினால் இரண்டு நாள் அங்கேயே கலங்கட்டும். திருத்தொண்டை நோகும் செல்வங்களை, மருந்து தொடங்கி ஒரு முழுநாள் கழியும் வரை, எங்கள் தகுதியற்ற கண்கள் காணவேண்டாம்.' விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்த என் புருஷன் எனெலிகோ படித்துவிட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. இது திட்டுவதைவிட மோசம் என்றான். மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.

மறுநாள் பாஸ்டரம்மா மறுபடியும் யாகோபோவோடு வந்தார். மூக்குக்கண்ணாடிக்கு வேலை வைக்காமல், நானே தலை குனிந்து, தாளை ராகமாக வாசித்துக் காட்டினேன். பின்னால் காத்து நின்ற சியெனி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டரம்மாவின் கழுத்து சிவந்தது.

"பாஸ்டர் வீட்டுப் பிள்ளைக்கே கதவச் சாத்துறியா?"

"கதவு தொறந்துதான் இருக்கு பாஸ்டரம்மா. சந்தைக்குப் பக்கத்துல காசு வாங்காம தொண்ட பாக்குற எடம் இருக்கு. பஞ்சுக் குச்சிய விட்டு எடுப்பாங்க, ஒரு நிமிஷ வேல. மொதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க."

எண்ணெய் தடவி ஜெபித்தாகிவிட்டது, குச்சி எல்லாம் விசுவாசம் இல்லாதவர்களுக்கு என்றார். அப்போது யாகோபோ அவர் பாவாடையை இழுத்தான்.

"அம்மா, எனக்கு சீக்கு."

"சுகவீனம்னு சொல்லு" என்று அவன் வாயில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, காருக்குக் கூட்டிப் போனார். அங்கே நின்றவர்களில் எங்கள் பாஷையை ஒழுங்காகப் பேசியவன் அவன் ஒருவன்தான். நான் இன்னும் இரண்டு எட்டு நடந்து, கார்க் கண்ணாடியைத் தட்டி, நல்ல வார்த்தையாக இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் யாரைப் பற்றி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கதவடைக்கிற கல்நெஞ்சம் என்று பாஸ்டர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் சபைப் பெண்களின் வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக என் பக்கம் திரும்பின. திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகள் வரவில்லை. தாளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்த சியெனிதான் முதலில் பிள்ளையை நிறுத்தினாள். ஃபெரேட்டி மட்டும் மகளோடு வந்தான். நீயாவது என் பக்கம் இருக்கிறாயே என்றேன். வேறு இடத்தில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறதாம், அதனால்தான் வந்தானாம். ஐலினிக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு அது போதும். எல்லோரும் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து யாகோபோ நடக்க முடியாமல் விழுந்தான் என்று கேள்விப்பட்டேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு ஆஸ்பத்திரி. ஐலினி படுத்திருந்த அதே மாடி.

பார்க்கப் போனேன். நல்ல மனசோடு போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். லிஃப்டில்கூட அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாஸ்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பி இல்லாமல், ரப்பர்ச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். பையன் தூங்கினான். நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. நான் முறைப்படி தலை குனிந்தேன்.

"தம்பிக்குச் சுகவீனம்னு கேள்விப்பட்டேன் பாஸ்டரம்மா."

ஒரு எழுத்துக் குறையாத மரியாதை. அது எதற்காகச் சொன்னது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் வந்திருந்தேன்.

"சீக்கு, லூபே" என்றார். "எம் புள்ளைக்கு சீக்கு."

பிறகு பையனின் காலில் விலகிய போர்வையை இழுத்துவிட்டார். என் பக்கம் திரும்பாமலே, "அந்த ஊசி. உம் பொண்ணுக்குப் போடுறாங்களே. ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும்" என்றேன். அதற்கும் ஒரு பெரிய வார்த்தை இருக்கும். நான் தேடவில்லை.