மூவரில் இரண்டாமவள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை ஒன்று வந்தது. நெடுந்தூர விமானத்தில் ஊர் திரும்பும்போது எழுத்தாளர் ஒருவர் சந்தித்த மூன்று சுவாரசியமான மனிதர்களைப் பற்றியது. முதலாமவர் பாம்பு பிடிப்பவர். மூன்றாமவர் கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிவந்த மாப்பிள்ளை. நடுவில் ‘பல் செய்யும் பெண்’.

அந்தப் பெண் நான். அம்மா போன பிறகு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு அது சுவாரசியமாக இருந்திருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் பஞ்சுப்பொதிகளாக

(இல்லை. ஜன்னல் இருக்கை அந்த எழுத்தாளருடையது. நான் நடுவில் இருந்தேன். மேகத்தைப் பார்த்தவரும் அவர்தான், மூடியை இறக்கியவரும் அவர்தான்.)

இரண்டாம் முயற்சி: அவள் அழுதுகொண்டிருந்தாள்.

(இது கட்டுரையில் உள்ள வரி. நான் அழவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.)

மூன்றாம் முயற்சி. அவர் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“பல் செட் செய்வேன்.”

“டாக்டரா?”

“டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அதை வச்சு நான் பல் செய்வேன்.”

“அப்போ யார் வாய்னே தெரியாது?”

“ஒரே ஒரு வாய் தெரியும். எங்கம்மாவோடது.”

அம்மாவின் பல் செட்டை நானே செய்தேன். முன்பல் ஒன்றை வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து வைத்தேன். சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. நேராக வைத்திருந்தால் சிரிப்பது வேறு யாரோ போலிருக்கும்.

3

பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் போன் செய்வேன். “தூங்குறாங்க, எழுப்ப வேணாம்” என்பான். அவன் அப்படிச் சொன்ன கடைசி இரண்டு நாளும் அம்மா உயிரோடு இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையைச் சொன்னான். எனக்கு வேலை நிரந்தரமாகும் நேரமாம். போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவேனாம். என் நல்லதுக்குத்தானாம்.

அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

“மன்னிச்சிடுவீங்களா?” என்று கேட்டார் ஜன்னல்காரர்.

“மாட்டேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அதன்பின் அவர் வாயைப் பிளந்து குறட்டை

(குறட்டை நான் சேர்த்தது. அமைதியாகத்தான் தூங்கினார். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். எடுத்துவிட்டேன். அவர் எடுத்திருக்க மாட்டார்.)

கட்டுரையில் என் பகுதி இப்படி முடிகிறது: ‘சக்கரங்கள் தரையைத் தொட்டன. அவள் என் கையைப் பற்றிக்கொண்டு, அண்ணனை மன்னித்துவிட்டேன் என்றாள்.’

கையா? என் பெட்டியை இறக்கக்கூட அந்தக் கை நீளவில்லை.

4

பத்திரிகையில் எண் வாங்கி அவரை அழைத்தேன்.

“மேடம், உங்க பேரே போடலையே!”

“சாஞ்ச பல்லைப் போட்டீங்களே. எங்கண்ணனுக்கு நான்தான்னு தெரிய அது போதாதா?”

“உங்கள நல்லவங்களாத்தானே காட்டியிருக்கேன்?”

“நான் கேட்டேனா?”

“கோபத்துலயே விட்டா வாசகருக்கு என்ன கிடைக்கும்? ஒரு முடிவு வேணுமில்ல?”

இங்கே ஊரில் நான் சேர்ந்திருக்கும் பல் லேபில், வாய்க்குப் பொருந்தாத செட் திரும்பி வரும். மெழுகில் மாதிரி செய்வதிலிருந்து மறுபடி தொடங்குவோம். ‘பாக்க அழகாத்தானே இருக்கு, போட்டுக்குங்க’ என்று யாரும் சொல்வதில்லை.

(உவமை போதும். அவர் புத்தி எனக்கும் ஒட்டுகிறது.)

5

நேற்று அண்ணன் போன் செய்தான்.

“படிச்சேன்டி. என்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு யார்கிட்டயோ சொல்லியிருக்கே. எத்தனையோ நாளைக்கு அப்புறம் நிம்மதியா தூங்கினேன்.”

தூங்கினானாம். என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எப்படி வாய் வந்தது?

“நாளைக்கு வரேன். உங்க அண்ணியும் வரா.”

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

6

முடிவுகள்.

அ. கதவைத் திறக்கிறேன். அவன் அழுகிறான். நானும்

(கட்டுரையாளர் எடுத்துக்கொள்ளட்டும்.)

ஆ. திறக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன். அண்ணி குறுக்கே வருகிறாள்: “விடும்மா. போனவங்க திரும்பி வரவா போறாங்க?” விட்டுவிடு என்று எப்போதும் பறிகொடுத்தவளிடம்தான் சொல்கிறார்கள்.

இ.

அழைப்பு மணி அடிக்கிறது. கதையில் இல்லை, வீட்டில்.

நீங்கள் நெளிவது தெரிகிறது. பாவம், கூடப் பிறந்தவன், வாசலில் நிற்கிறான். அவன் கெட்டவன் இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால் நான் சொன்ன சொல் மாறிவிடுமா?

மறுபடியும் மணி.

நான் எழுந்திருக்கப்போவதில்லை. மனசு கேட்கவில்லையென்றால் நீங்கள் போய்த் திறங்கள். உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். மன்னித்தாளா என்று கேட்டால், விமானத்தில் நான் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள். சொல்லத் தைரியம் இல்லையென்றால் சும்மா இருங்கள்.

நான் எங்கே என்று கேட்பான். தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.