ஆறு புள்ளி ரெண்டு

சபாபதி முப்பத்தோரு வருஷம் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தன் காலத்தில் ஒரு ஆணிகூடக் காணாமல் போனதில்லை என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு டின் உரத்தைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லை என்று அவர் மனைவி உஷாராணி யாரிடம் போய்ச் சொல்வாள்? அவள் சொன்னால் அது நொட்டை. அதையே வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் ஆராய்ச்சி.

ஓய்வு பெற்றதும் மனிதருக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்தது. கிள்ளான் வீட்டின் கார் நிறுத்தும் இடம் முழுக்கத் தொட்டிகள். கார் வெயிலில் காய்ந்தது. அதற்கு முன்பு அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆர்க்கிட்தான். அது உஷாராணியுடையது. ஒன்பது வருஷமாக அடுப்படி ஜன்னலில் தொங்கும் ஊதா நிற டென்ட்ரோபியம். தோங்கில், அதுதான் கொல்லைப்புற பிளாஸ்டிக் பீப்பாயில், பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றுவாள். அது பூக்கும். பறித்துத் தலையில் வைத்துக்கொள்வாள்.

"மழைத் தண்ணியா? பி.எச் பார்த்தியா?" என்று ஒருநாள் அதையும் தன் நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்டார் சபாபதி.

பி.எச் மீட்டர் பேனா மாதிரி இருக்கும். நுனியில் சின்னக் கண்ணாடிக் குமிழ். தண்ணீரில் முக்கினால் ஒரு எண் காட்டும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஆர்க்கிட்டுக்கு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் இருந்தால் போதும். குழாய்த் தண்ணீர் ஏழைத் தாண்டும். சபாபதி எலுமிச்சை உப்பைக் கிள்ளிப் போட்டு இறக்குவார். அதுவரை தப்பொன்றும் இல்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. உஷாராணி தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்தாள். சபாபதி தன் ஆயுதங்களைச் சாமி அறையில் வரிசையாக அடுக்கினார். மீட்டரின் கண்ணாடிக் குமிழின் மேலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தார். உர டின்களின் மூடியைத் திறந்து உள்ளே தீர்த்தம் தெளித்தார். பூஜை முடிந்த பிறகும் டின்கள் அங்கேயே திறந்து கிடந்தன.

"மூடி வைங்களேன்," என்றாள்.

"சாமிக்கு முன்னாடி இருக்கிற பொருள் கெட்டுப் போகுமா லா?"

கிள்ளான் ஈரத்துக்கு அந்தப் பக்தியெல்லாம் கிடையாது. ஒரே மாதத்தில் உரம் பாறையாக இறுகியது. லிட்டருக்குக் கால் டீஸ்பூன் என்று டின்னில் எழுதியிருந்தது. பாறையை எந்த டீஸ்பூனில் அள்ளுவது? சுத்தியலால் உடைத்து, நெல்லிக்காய் அளவு துண்டை வாளியில் போட்டார்.

மீட்டரோ பூஜை நாளிலிருந்து தெய்வவாக்குச் சொல்ல ஆரம்பித்தது. காலையில் ஆறு புள்ளி ரெண்டு. சாயங்காலமும் ஆறு புள்ளி ரெண்டு. "பூஜை போட்டதும் தண்ணியே திருந்திருச்சு பாரு," என்று பூரித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் குமிழுக்குப் புதுச் சந்தனம் வைத்தார்.

டென்ட்ரோபியத்தின் இலை நுனிகள் கருகின. வேர் பழுப்பேறிக் கையோடு வந்தது. உஷாராணிக்கு அழுகை வந்தது, ஒரு செடிக்காக அழுவதா என்று அடக்கிக்கொண்டாள். "செத்துக்கிட்டு இருக்குங்க," என்றாள். அவர் மீட்டரைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஆர்க்கிட் சங்கத்தார் ஆறு பேர் வந்தார்கள். சங்கத்துக்கு ஒரு நீர் ஆலோசகர் வேண்டுமாம். சபாபதி இஸ்திரி போட்ட பாத்தேக் சட்டையில், வாளி வாளியாக அளந்து காட்டினார். எல்லாம் ஆறு புள்ளி ரெண்டு. தலைவர் பழனியப்பன் வாயைப் பிளந்தார்.

உஷாராணி எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். தனியாக ஒரு டம்ளரைப் புருஷனிடம் நீட்டினாள். "இதையும் அளந்து சொல்லுங்க."

ஆறு புள்ளி ரெண்டு.

உள்ளே போய் ரசம் கொண்டுவந்தாள். ஆறு புள்ளி ரெண்டு. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர். அதுவும் ஆறு புள்ளி ரெண்டு.

பழனியப்பன் மீட்டரை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சபா, நுனியில என்ன இது?"

"ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டுண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. பழனியப்பனின் கை தன் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே செருகியிருந்த அவருடைய மீட்டரின் நுனியிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்ததை உஷாராணி பார்த்துவிட்டாள். அவர் அதைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஜூஸ் நல்லா இருக்கு சிஸ்டர்," என்றார் பழனியப்பன். பிறகு தொண்டையைச் செருமி, நீர் ஆலோசகராக சபாபதியை முன்மொழிந்தார். ஐந்து பேரும் பாய்ந்து வழிமொழிந்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

கார் தெரு முனை திரும்பியதும் உஷாராணி செடியை இறக்கினாள். அழுகிய வேரையெல்லாம் வெட்டினாள். மிச்சம் இரண்டே வேர், இரண்டுக்கும் நுனி பச்சை. தோங்கிலிருந்து மழைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, உர உப்பெல்லாம் போகும்வரை அலசினாள்.

நீர் ஆலோசகர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். "பி.எச் பார்க்காம ஊத்துறியே?"

உஷாராணி நிமிரவில்லை. "ஆறு புள்ளி ரெண்டு. எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார்.