பத்து லிட்டர்

கார்ச் சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி ஒரு முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லை. மெக்கானிக் சாவியை அணைத்து, மறுபடி திருப்பி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். பட்டறைச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்தான் கேட்டது. பத்தேகால்.

"பெட்ரோல் பம்பு போயிடுச்சு அண்ணி" என்றான், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம்.

எல்லோரும் அவனைத் தும்மல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்ரோல் வாசனை பட்டால் தும்முவான். இருபது வருடமாக அந்த வாசனைக்குள்தான் பிழைப்பு. அவளுடைய கணவனுக்குச் சனிக்கிழமை கேரம் கூட்டாளி. கணவன் அவனுக்கு அண்ணன், அதனால் அவள் அண்ணி. நிற்பதுதான் நின்றாய், வேறு யார் பட்டறை வாசலிலாவது நின்று தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள் வண்டியைப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு அவள் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதித் தரும் வேலை. கல்யாணத்துக்கு முன் படித்த படிப்பு. நேர்காணலை ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. இனி வேறு தேதி கிடையாது என்று கடிதத்தில் இருந்தது. காலை ஆறு மணிப் பேருந்து, கணவன் வீட்டில் இருக்கும்போதே போய்விடும். அடுத்தது போய்ச் சேர மூன்றாகும். தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். அது பன்னிரண்டு கிலோமீட்டர்.

"அண்ணனுக்கு ஒரு போனைப் போட்டுட்டு மாத்திடறேன்."

"அவர் மீட்டிங்ல இருப்பார் தம்பி. நான் சொல்லிக்கிறேன்."

"அப்புறம் என்னைத்தான் வறுத்தெடுப்பார்."

"வறுத்தா நான் பார்த்துக்கிறேன். உங்ககிட்ட பம்பு இருக்கா, அதைச் சொல்லுங்க."

"நாலு மாசமா அலமாரியில தூங்குது."

பேட்டரி ஒயரைக் கழற்றினான். நாலு கதவையும் திறந்து போட்டான். பின்சீட்டில் இருந்த துணிப்பையை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தபோது, தங்கச்சி பிள்ளைக்கு வாங்கிய சட்டைக்கு அடியிலிருந்து கோப்பு நழுவி வெளியே எட்டிப்பார்த்தது. மேலே ஆஸ்பத்திரிக் கடிதம். அவள் எழுந்து அதை உள்ளே தள்ளினாள். அவன் அதற்குள் சீட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். பார்த்தானா இல்லையா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை.

சீட்டுக்கு அடியில் ஒரு தகடு, அதற்குக் கீழே பம்பைப் பிடித்திருக்கும் வளையம். மரச்சுத்தியால் வளையத்தைத் தட்டித் தட்டி நகர்த்தினான்.

"இரும்புச் சுத்தின்னா ஒரு பொறி போதும். நாம மூணு பேரும் நாளைக்குப் பேப்பர்ல வருவோம்."

"மூணாவது யாரு?"

"வண்டிதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் அவளுடைய போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

பம்பு வெளியே வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, வலையில் கறுப்புச் சேறு.

"பாருங்க, வெந்து போயிருக்கு. பெட்ரோல்ல முங்கிக் கிடந்தாத்தான் இது சூடாகாம ஓடும். எப்பவும் அடிமட்டத்துலயே ஓட்டியிருக்கீங்க."

"பத்து லிட்டர்தான் போடுவோம். பழைய வண்டிக்கு வயிறு நிறையப் போட்டா டேங்க் தையல் விட்டுடுமே."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"உங்க அண்ணன்தான்."

சிரிப்பு பாதியில் நின்றது. பம்பைக் கந்தல் துணியில் வைத்துத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"அரை டேங்குக்குக் கீழ விடாதீங்க, பம்பு கருகிடும்னு நாலு மாசம் முன்னாடி அண்ணன்கிட்ட நானே சொன்னேன். அதுக்குத்தான் புதுசு வாங்கியும் வச்சேன். பாத்துக்கலாம்னார்."

ஒவ்வொரு ஞாயிறும் கணவனே போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவான். உனக்கு எதுக்கு அலைச்சல் என்பான். பதினொரு வருடம். கடைக்குப் போய் வரலாம், தங்கச்சி வீட்டுக்குப் போய் வரலாம், அதற்குள் பெட்ரோல் முள் படுத்துவிடும். வழி கேட்டுப் போகவேண்டிய ஓர் ஊருக்கு அவள் போனதேயில்லை. அதை வண்டியின் வயசு என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது மெக்கானிக்கின் போன் அடித்தது. திரையில் அண்ணன். வாசலில் நின்ற வண்டியை உள்ளே தள்ளியதை எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் சொல்லியிருப்பார். அவள் அவனைப் பார்த்தாள். அவன் புதுப் பம்பை எடுத்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கினான்.

"சொல்லுங்கண்ணே. ஆமா, இங்கதான் நிக்குது. பம்பு காலி." புதுப் பம்பு டேங்குக்குள் இறங்கியது. "அலமாரியில இருந்ததா? அது போன வாரமே வேற வண்டிக்குப் போயிடுச்சு. வெளியூர்லேர்ந்து வரணும், சாயங்காலம் ஆறாகும்." வளையத்தைக் கையால் முறுக்கினான். "அவங்களா? தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. போன் பையில கிடக்கும்ணே, எந்தப் பொம்பளை உடனே எடுக்கறா." அப்புறம் மூன்று முறை தும்மினான். முதல் தும்மல்தான் நிஜம். போனை வைத்துவிட்டான்.

சீட்டைப் பொருத்தி, பேட்டரி ஒயரை மாட்டினான்.

"எத்தனை மணிக்குப் போகணும் அக்கா?"

"ரெண்டு."

கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று நாற்பது. "ஆறு மணிக்கு அண்ணன் இங்க வந்து நிப்பார். அதுக்கு மேல எனக்குப் பொய் வராது."

ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்காரர் எவ்வளவு என்று கேட்டார். நிரப்பச் சொன்னாள். அவர் நிரப்ப நிரப்ப, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை.

தங்கச்சி வீட்டுத் திருப்பம் இடப்பக்கம் வந்து, போயிற்று. சாலை அகலமானது. முன்னால் வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி ஒன்று. கட்டில், மெத்தை, கயிறு போட்டுக் கட்டிய பீரோ. பீரோவின் நிலைக்கண்ணாடி பின்பக்கம் பார்த்திருந்தது. அதற்குள் ஒரு பழைய கார், குலுங்கிக் குலுங்கி, வந்துகொண்டிருந்தது. வெயில் பட்டதில் ஓட்டுவது யாரென்று தெரியவில்லை. அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். கண்ணாடிக்குள் அந்தக் கார் பெரிதாகிக்கொண்டே அவளை நோக்கி வந்தது.